அசலில் இருந்த விரல்

1

கடல் வந்த நாள், நான் இருக்கும் இந்த நாட்டில் மலிவு விற்பனை நாள். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, மறுநாள். விடியும் முன்பே கடை வாசல்களில் சனம் வரிசையில் நிற்கும், கதவு திறந்ததும் ஓடும். கனடாவுக்கு வந்த முதல் வருஷம் பஸ்ஸில் போகும்போது அந்த ஓட்டத்தைப் பார்த்தேன். கூட்டமாக ஆட்கள் ஓடினால், பின்னால் கடல் வருகிறது என்றுதான் அப்போதெல்லாம் எனக்குத் தோன்றும். அடுத்த தரிப்பில் இறங்கி, பனியில் வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டேன்.

அதன் பிறகு அந்த நாளில் நான் வெளியே போவதில்லை. இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் ஊர் சாய்ந்தமருதில், உம்மா யாசீன் ஓதி, அயலில் நாலு வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பி, இஷாத் தொழுதுவிட்டு எனக்கு வட்ஸப்பில் எடுப்பார். இங்கே காலை பத்து மணியாக இருக்கும். கடலைப் பற்றி இருவரும் கதைப்பதில்லை. என்ன கறி, மழை எப்படி, மகள் எப்படிப் படிக்கிறாள், இவ்வளவுதான் எங்கள் கதை. இத்தனை வருஷமும் அப்படியே சமாளித்தோம்.

இந்த வருஷமும் எடுத்தார். இந்த வருஷம் கதை அத்தோடு நிற்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பலகையிலிருந்து தொடங்காவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

2

நான் ஓவியம் படித்தவன் அல்ல. கல்முனையில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினவன். மிஞ்சிய எனாமல் பெயின்டையும் ஒரு பிளைவுட் துண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்கள் வீட்டுப் பின்பக்கத்தை வரைந்தேன். வேலி, வேலிக்கு அப்பால் மணல், கரையில் ஏற்றி வைத்த இரண்டு தோணி, கொடியில் காயும் உடுப்பு. ஆட்கள் இல்லை. உருவப்படம் இருக்கும் வீட்டுக்குள் வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்பது உம்மாவின் சட்டம், அதை நானும் மீறவில்லை. பலகையில் முக்கால்வாசி வானம்தான். நீலம்தான் அதிகம் மிஞ்சியிருந்தது.

வானத்தை மூன்று தடவை தடிப்பாகப் பூசியிருந்தேன். மாரி மழை வேறு. எனாமல் காய மறுத்தது.

என் தங்கச்சி சுமையாவுக்கு அப்போது பதினொரு வயது. அவளுக்கும் எனக்கும் இடையில் பன்னிரண்டு வருஷம். குர்ஆன் ஓதிவிட்டு வந்ததும் நேரே பலகைக்கு முன்னால் வந்து நிற்பாள்.

“இன்னும் காயல்லையா காக்கா?”

“ஓம்.”

எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் நாள், நான் சொல்வது மெய்யா என்று பார்க்க, பெருவிரலை வானத்தில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். விரல் அப்படியே பதிந்தது. சின்னப் பள்ளம், உள்ளே ரேகை ரேகையாக.

“காயல்லதான்” என்று சொல்லிவிட்டு விரலைச் சட்டையில் துடைத்தாள்.

நான் ஏசினேன். அதையும் எழுதத்தான் வேண்டும். “கண்ணில்லையா புள்ள உனக்கு? மூணு நாள் வேலையப் பழுதாக்கிட்டியே” என்று கத்தினேன்.

அவள் அசரவில்லை. “மேலால பூசினாச் செரிதானே காக்கா” என்றாள்.

பூசியிருப்பேன். நீலம் தீர்ந்துபோயிருந்தது. சரி, மரச்சட்டம் போட்ட பிறகு பார்ப்போம் என்று அரைகுறையாகக் காய்ந்த பலகையை, கடலுக்குத் தள்ளி, ஆலையடிவேம்பில் ஒரு தச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது.

நானும் உம்மாவும் கரையிலிருந்து உள்ளே, மாவடிப்பள்ளியில் மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். சுமையா வரவில்லை. ஓத்தை விட்டால் உஸ்தாத் ஏசுவார் என்று கரையோரத்தில் எங்கள் சின்னம்மா சாச்சி வீட்டில் நின்றாள். அவள் கிடைக்கவில்லை. எங்கள் வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் இருந்தது. அவளுடைய கொப்பி இல்லை, சட்டை இல்லை, அடையாள அட்டைக்கு எடுக்கும் வயதுகூட வராததால் ஒரு படமும் வேறெங்கும் இல்லை. அடக்குவதற்கு ஜனாஸாவும் இல்லை, வீடும் இல்லை; துக்கம் கேட்க வந்தவர்களுக்கு எங்கே நின்று அழுவது என்றே தெரியவில்லை.

இரண்டு கிழமை கழித்து, நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு அந்தத் தச்சர் சைக்கிளில் வந்தார். கரியரில் உரப்பையால் சுற்றிய பலகை.

“தம்பி, சட்டம் அடிக்கல்ல. ஆராவது மிஞ்சியிருந்தாக் குடுப்பம் எண்டுதான் வந்தன்” என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

உம்மா உரப்பையை அவிழ்த்தார். வானத்தில் அந்தப் பள்ளத்தைக் கண்டார். தன் பெருவிரலை எடுத்து அதற்குள் வைத்தார். உம்மாவின் விரல் பெரிது, உள்ளே அடங்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும் வரை இருந்தார்.

3

நான் வெளிநாடு வந்தபோது பலகையையும் கொண்டுவந்தேன். கேட்டுக்கொண்டு வந்தேன் என்று சொன்னால் பொய். பெட்டி அடுக்கும்போது உடுப்புக்கு நடுவில் வைத்தேன். உம்மா கண்டார், மேலே இன்னொரு சட்டையை மடித்து வைத்தார்.

சில வருஷம் கழித்துத்தான் கேட்டார். “அந்தப் பலகைய அனுப்பேன் மனே. எனக்கிட்ட அவட ஒண்டும் இல்ல.”

என்னால் முடியவில்லை. தபாலில் உடைந்துவிடும், ஈரம் பிடித்துவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் நான் செய்த வேலை இதுதான்: பலகையை ஒரு அச்சகத்துக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்து, இருக்கிறவற்றில் திறமான துணியில் பிரிண்ட் அடித்து, அதே அளவு பிளைவுட்டில் ஒட்டி, ஊருக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். அச்சகக்காரன், “உனக்கே வித்தியாசம் தெரியாது” என்று பெருமைப்பட்டான்.

“இது அதுதானே மனே?” என்று உம்மா கேட்டார்.

“ஓம் உம்மா, அதுதான்.”

அந்த முதல் பிரிண்டிலிருந்துதான் என் வியாபாரம் பிறந்தது. கிழமை நாட்களில் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுகிறேன். கோடை வந்தால் சனி ஞாயிறில் பூங்காக்களில் நடக்கும் ஓவியச் சந்தைகளில் கூடாரம் அடித்துப் படம் விற்கிறேன். ஊரைப் பற்றி வேறு படங்களும் வரைந்திருக்கிறேன். ஒலுவில் துறைமுகத்தில் படகுகள், அறுவடைக்கு முந்திய வயல், இப்படி. சுவரில் அசல் தொங்கும், கீழே பெட்டியில் பிரிண்டுகள் நிற்கும். வருகிறவர்கள் அசலுக்கு முன்னால் நின்று மூச்சு விடுவார்கள், புருஷனைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள், ஊர் எங்கே என்று கேட்பார்கள். பிறகு குனிந்து, பெட்டியில் தங்கள் சோபாவின் நிறத்துக்குப் பொருந்தும் பிரிண்டைத் தேடி எடுப்பார்கள். இதில் எனக்குக் குறை இல்லை. அசலை யாரும் வாங்காததுதான் எனக்கு நிம்மதி.

எல்லாவற்றிலும் அதிகம் விற்பனையானது ‘நீல வானம்’தான், அந்தப் பலகைக்குச் சந்தையில் நான் வைத்த பெயர் அது. அதில் இருக்கும் விரல் அடையாளத்தைச் சிலர் மேகம் என்றார்கள். ஒரு சின்னப் பிள்ளை பட்டம் என்றது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

இந்த நாட்டில் எதற்கும் ஒரு படிவம், ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு விதி. எங்கள் சந்தையின் விதி: ஒரு படத்தின் பிரிண்டை விற்பதென்றால் அதன் அசலைச் சுவரில் காட்ட வேண்டும். இன்னொரு விதி: சுவரில் காட்டுவது எல்லாம் விலைக்கு இருக்க வேண்டும். ‘விற்பனைக்கல்ல’ என்று எழுதி ஒட்டினால் மேற்பார்வைக்காரர் வந்து கிழித்துவிட்டுப் போவார். அதனால் யாரும் வாங்க நினைக்காத ஒரு விலையை எழுதி வைத்தேன். மூன்று கோடை அந்தக் கெட்டித்தனம் பலித்தது.

கார்ட் மெஷினைப் பார்த்துக்கொள்வது என் மகள் ஹனா. பதினாறு வயது. தமிழ் விளங்கும், பதில் இங்கிலீஷில் வரும். வானத்தில் அது என்ன அடையாளம் என்று ஒருமுறை கேட்டாள். “ஒரு விபத்து” என்று சொல்லி முடித்துவிட்டேன். ஒரு மாமி, வாப்பாவின் தங்கச்சி, இருந்தாள், கடலில் போனாள் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். தமிழில் சொன்னால் அவளுக்குப் பாதி விளங்காது, இங்கிலீஷில் சொன்னால் எனக்கே செய்தி வாசிப்பது போலிருக்கும். பிறகு சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி அவள் என் தோளுக்கு மேலே வளர்ந்துவிட்டாள்.

4

போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை. ஓலைத்தொப்பி போட்ட ஒரு வயதான பெண், இளைப்பாறிய ஆசிரியை என்று பிறகு தெரிந்தது, நீல வானத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். மற்றவர்களைப் போலப் பேசவில்லை. அப்படி நிற்பவர்களை எனக்குப் பிடிக்கும். விலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெல்லச் சிரித்தார்.

“இதை நீங்கள் உண்மையில் விற்க நினைக்கவில்லை, இல்லையா?” என்று கேட்டார்.

விலைக்குப் பின்னால் இருக்கும் மனிதனை ஒருவராவது கண்டுபிடித்தாரே என்று எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. நானும் சிரித்துக்கொண்டு, “யெஸ்” என்றேன்.

ஊரில் யாராவது “நீ விக்கல்லதானே?” என்று கேட்டு, நாம் “ஓம்” என்றால், ஓம், விற்கவில்லை என்று அர்த்தம். இங்கே அதே கேள்விக்கு யெஸ் என்றால், இல்லை இல்லை, விற்கத்தான் போகிறேன் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? இந்த மொழியில் பரீட்சை எழுதி, குடியுரிமைக்குக் கை உயர்த்திச் சத்தியம் செய்து, களஞ்சியத்தில் மேலாளரோடு சண்டையும் பிடித்தவன் நான். ஆனால் சந்தோஷத்தில் வாயில் வருவது இன்னும் ஓம்தான், மேலே ஒரு யெஸ்ஸைப் போர்த்துக்கொண்டு.

அப்போது மதியத்து லுஹர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. ஹனாவிடம் சொல்லிவிட்டு, வாகனத் தரிப்பிடத்துக்குப் பின்னாலிருக்கும் புல்தரையில் போய்த் தொழுதேன். திரும்பி வந்தால் சுவரில் கொக்கி மட்டும் தொங்குகிறது.

“வாப்பா! வித்தாச்சு!” என்று ஹனா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். தமிழில் சொன்னாள். நான் சந்தோஷப்பட வேண்டும் என்று, தன்னிடமிருந்த கொஞ்சத் தமிழை எடுத்துச் சொன்னாள். வாப்பா பிரிண்ட் விற்கும் ஆள் இல்லை, அவர் படத்தை அசலாகவே ஒருவர் வாங்கினார் என்று பக்கத்துக் கூடாரங்களுக்கெல்லாம் சொல்லியும் இருந்தாள். அவர்கள் கைதட்டினார்கள். நான் அங்கே கிடந்த மடிப்புக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“நீங்கள் யெஸ் சொன்னதாக அவர் சொன்னார். நான் இரண்டு தரம் கேட்டேன்” என்றாள், இங்கிலீஷில், முகம் மாறி.

“சொன்னன் மகள். நான்தான் சொன்னன்.”

எழும்பி ஓடினேன். பூங்காவைச் சுற்றி மூன்று வாகனத் தரிப்பிடம். மூன்றிலும் ஓலைத்தொப்பிகள் இருந்தன.

5

வீட்டுக்கு வரும் வழியில், கார் ஓட்டிக்கொண்டே, ரோட்டைப் பார்த்தபடி ஹனாவிடம் சொன்னேன். விபத்து இல்லை, மாமியின் விரல் என்று. ஓதிவிட்டு வந்தது, காயல்லையா என்று கேட்டது, உம்மா விரல் வைத்தது எல்லாம் சொன்னேன். பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ். அவளுக்கு முழுதும் விளங்கியது. இத்தனை வருஷம் விளங்காது என்று நான்தான் முடிவுகட்டி வைத்திருந்தேன்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியும் அவள் இறங்கவில்லை. பிறகு சொன்னாள்: “நான்தான் வித்தன், வாப்பா.”

இல்லை என்றேன். அவள் கேட்கவில்லை. அந்தக் கோடை முடியும் வரை அவள் கார்ட் மெஷினைத் தொடவேயில்லை.

சந்தை அலுவலகத்தில் வாங்கியவரின் விலாசத்தைக் கேட்டேன். தரமுடியாதாம், தனியுரிமை. இணையத்தில் படிவம் நிரப்பச் சொன்னார்கள். காரணம் என்ற இடத்தில் நாலு தெரிவு: பணம் மீளளிப்பு, பொருள் சேதம், முறைப்பாடு, வேறு. ‘வேறு’ என்று தெரிந்தெடுத்தேன். கீழே எழுதத் தந்த பெட்டிக்குள் சுமையா அடங்கவில்லை, பாதி வசனத்தில் எழுத்து நின்றுவிட்டது. ஒரு மாதம் கழித்து, உங்கள் முறைப்பாடு தீர்க்கப்பட்டது, நன்றி என்று பதில் வந்தது. ஹனா மறுபடி எழுதினாள். மறுபடியும் எழுதினாள். கடைசியில் யாரோ இரக்கப்பட்டு, படத்தைப் பற்றி ஓவியர் உங்களோடு கதைக்க விரும்புகிறார் என்று மட்டும் அந்தப் பெண்ணுக்கு ஒரு வரி அனுப்பினார்கள். அவர் உடனேயே எங்களைத் தேநீருக்கு அழைத்தார்.

ஐப்பசியில் போனோம். குளிர் தொடங்கியிருந்தது. காரின் பின்சீட்டில் ஒரு நீல வானப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். இதை வைத்துக்கொண்டு அதைத் தாருங்கள், தந்த காசையும் திருப்பித் தருகிறேன் என்று கேட்பதாக யோசனை. வழியெல்லாம் அந்த வசனத்தை இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். இந்த முறை பிழை விடக்கூடாது என்று ஹனாவைத் திருத்தச் சொன்னேன்.

படம் அவருடைய கணப்படுப்புக்கு மேலே, நல்ல சட்டத்துக்குள் இருந்தது. கதவில் நின்றபடியே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கிட்டப் போனேன்.

“ஒரு இரகசியம் சொல்ல வேண்டும்” என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு. “முதலில் மேகம் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து தொட்ட பிறகுதான் பார்த்தேன், சந்தையில் யாரோ ஒரு பிள்ளை வானத்தில் விரலை வைத்து அமுக்கிவிட்டிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தால் மனம் நோகும் என்று சொல்லவில்லை. திருத்துகிற ஒருவரிடம் கொடுத்தேன். பாருங்கள், இடமே தெரியாது.”

தெரியாதுதான். நான் பெயின்ட் வேலைக்காரன், அதனால் சொல்கிறேன்: மிகத் திறமான வேலை. பள்ளத்தை நிரப்பி, தேய்த்து, பழைய நீலத்தோடு நீலம் ஒட்டிப்போகும்படி பூசியிருந்தார்கள். அனுமதி கேட்டு விரலை வைத்துப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது.

மேலால பூசினாச் செரிதானே காக்கா.

யாரோ அவள் சொன்னபடியே செய்துவிட்டார்கள்.

வழியெல்லாம் பாடமாக்கிய வசனம் எனக்கு வரவில்லை. ஹனாதான் அவரிடம் சொன்னாள். அழுதுகொண்டு, ஆனால் ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அவரே கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றி என் கையில் தந்தார். அவர் மேல் கோபப்பட எனக்கு ஆசையாக இருந்தது. கோபம் வரவில்லை. என் மனம் நோகக்கூடாது என்று நினைத்த மனுஷி அவர்.

வெறும் சுவரைப் பார்க்க முடியாமல், காரில் இருந்த பிரிண்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதே ஆணியில் மாட்டினார். கதவடியிலிருந்து திரும்பிப் பார்த்தேன். வானத்தில் அந்தப் பெருவிரல், ரேகை ரேகையாக, அவருடைய சுவரில் இருந்தது. அசலை நான் கக்கத்தில் வைத்திருந்தேன்.

6

பலகை இப்போது நிலக்கீழ் அறையில், சுடுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. மேலே பூசியதைச் சுரண்டி எடுக்கலாமா என்று ஒருவரிடம் கேட்டேன். அடியில் இருந்ததும் சேர்ந்து வந்துவிடும் என்றார். நீல வானம் இன்றைக்கு எத்தனையோ பேர் வீடுகளில், வரவேற்பறைகளில், குளியலறை வாசல்களில் விரலோடு தொங்குகிறது. விரல் இல்லாத ஒரே ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது.

இன்றைக்குக் காலையில் உம்மா எடுத்தார். கறி கேட்டேன், மழை கேட்டேன். ஹனா மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

“கண் வர வர மங்குது மனே” என்றார் உம்மா. “சுவத்துல இரிக்கிற படமும் தெரியல்ல. நீலமா ஒண்டு இரிக்கி எண்டுதான் தெரியுது.”

“டொக்டர்ட்டக் காட்டுவம் உம்மா.”

“காட்டினன். அது கெடக்கட்டும். நீ அடுத்த முறை வரக்குள்ள மத்தப் பலகையக் கொண்டா.”

“எந்தப் பலகை?”

உம்மா சிரித்தார். “நீ அனுப்பினது அச்சடிச்சது எண்டு வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும். விரல வெச்சுப் பாத்தன். புள்ளட விரல் பதிஞ்ச பள்ளம் இல்ல.”

“அப்ப ஏன் உம்மா சொல்லல்ல?”

“என்னத்தச் சொல்ற? நீ அங்க ஊர விட்டுட்டு இரிக்காய். அவ உனக்கிட்ட இரிக்கட்டும் எண்டு விட்டன். எனக்கு இஞ்ச கடலாவது இரிக்கி. இப்ப கண்ணும் போகுது. பாக்கிறதுக்கு இல்ல மனே, ஒருக்கா விரல வெச்சு எடுத்தாப் போதும். நீ பத்திரமா வெச்சிரிப்பாய் எண்டு தெரியும். அதுக்கு ஒண்டும் ஆகல்லதானே?”

ஹனா என்னைப் பார்த்தாள்.

“ஓம் உம்மா” என்றேன்.

அந்த ஓம் ஹனாவுக்கு எந்தப் பக்கமாக விளங்கியதோ தெரியாது. அவள் எழுந்து நிலக்கீழ் அறைக்குப் போகும் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

உம்மாவுக்கு, ஊரில் எல்லாருக்கும் விளங்குகிற மாதிரித்தான் விளங்கியது. “அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.